துண்டுக்கடியில் பிடித்த கையும் கோயிலுக்குள் நிற்கிற கிராதியும்

மாட்டுத் தரகில் இருபத்தாறு வருஷமாக நான் சொல்லாத பொய் கிடையாது. இருந்தாலும், ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு பொய் இன்றுவரைக்கும் என் வாயில் வந்ததில்லை. "கோயிலுக்கு நடுவிலே கிராதி போட்டது கூட்ட நெரிசலுக்காக" என்று புதுச் சாமியாரிடம் கண் இமைக்காமல் சொன்னீர்களே, அதைத்தான் சொல்கிறேன். எங்கள் மாதா கோயிலில் திருநாளைக்கே இருநூறு பேர் கூடினால் அதிகம். வலப்பக்கம் மேலத்தெரு, இடப்பக்கம் கீழத்தெரு, நடுவே வாசற்படியிலிருந்து பீடம் வரைக்கும் இடுப்பு உயரத்துக்கு மரக் கிராதி. நெரிசலாம்! மேலத்தெருப் பெரியதனக்காரர், கோயில் காரியம் உங்கள் கையில் என்பதோடு சரி, உங்கள் பேரை நான் எழுதவில்லை. ஊருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அது போதும்.

படிக்கிற மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கீழத்தெருக்காரன். வருகிற தை மாசம் என் மகள் ஆரோக்கியத்துக்குக் கல்யாணம். எங்கள் தெருப் பிள்ளைகள் கிராதிக்கு இடப்பக்கம் தூணோரமாக முழந்தாளிட்டுத்தான் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். மேலத்தெருக் கல்யாணம் என்றால் மட்டும் பீடத்தோரம் இருக்கிற கடைசி இரண்டு சட்டங்களைக் கழற்றி வைப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் நேர் நடுவில் நிற்பார்கள். பூசை முடிந்ததும் சட்டத்தைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். என் மகள் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. "நடுவுல நிக்கணும்ப்பா" என்றாள். அந்த நடுவுக்காக நான் பேசிய பேரத்தைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் சந்தையில் பட்டது கொஞ்சம் இருக்கிறது. சாணியில் கால் வழுக்கி, மாடு உதைத்த முட்டியைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவர்களெல்லாம் பக்கத்தில் உட்காருங்கள்; உங்களுக்குப் புரியும்.

கோணல் விரல்

சந்தையில் மாட்டு விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவர் கையும் தரகன் கையும் சேரும். மேலே ஒரு துண்டு விழும். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் பத்து ரூபாய், பாதி விரல் ஐந்து. கையை மொத்தமாக இறுக்கிப் பிடித்தால் சம்மதம், முடிந்தது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. மாறினவன் கையை அதற்கப்புறம் எந்தச் சந்தையிலும் எவனும் தொடமாட்டான்.

உடையார்பாளையம் பக்கத்து மிராசு ஒருவர் அரியலூர்ச் சந்தைக்கு வருவார். "டேய், காத்து இந்தப் பக்கம் அடிக்குது, தள்ளி நில்லு" என்று என்னைப் பத்தடி தூரத்தில் நிறுத்துவார். விலை பேசும்போது மட்டும் அதே மனுஷர் கை துண்டுக்கடியில் என் கையைத் தேடி வரும். மூடியிருக்கிறதே, யார் பார்க்கப் போகிறார்கள்? வீட்டுக்குப் போனதும் குளித்துவிடுவாராம். குளிக்கட்டும், உடம்புக்கு நல்லதுதானே.

ஒரு நாள் ஒரு காரி மாட்டுக்குப் பேச்சு. கடைசியாக என் சுண்டு விரலைப் பிடித்தார். என் சுண்டு விரல் நடுக்கணுவில் மடங்கிப்போனது. சின்ன வயசில் மூக்கணாங்கயிற்றில் சிக்கி முறிந்தது, கட்டுப்போட ஆளில்லை. அவர் முழு விரல் என்று பிடித்தது எனக்குப் பாதி விரலாகப் பட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். "பெரிய வூட்டுக்காரரு, அஞ்சு ரூவாயிலயா கை வைக்கிறீங்க?" என்று கத்தினேன். "எவன்டா கை வச்சது?" என்று அவர் எழுந்தார். இழுத்த இழுப்பில் துண்டு கிழிந்துபோயிற்று. பட்டப்பகலில், சந்தை முழுக்கப் பார்க்க, இருவர் கையும் பிடித்தபடியே இருந்தன. அவர் என் விரலைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். அதே சுண்டு விரல், அதே கணு, அதே கோணல். என் விரலைத் தன் விரலோடு சேர்த்து வைத்து அளந்துகொண்டே சொன்னார்: "உனக்கும் மூக்கணாங்கயித்துலதானா? எனக்கு ஒரு காளைக்கன்னு. கயித்த விட்டதுக்கு எங்கப்பாரு அதுக்கும் மேல நாலு வச்சாரு."

உண்மை பேசிய ஒரு நாள்

புதுச் சாமியார் தெற்கத்திக்காரர், சின்ன வயசு. அவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கேயும் சாமியாருக்கும் பாவத்தைச் சொல்கிறவனுக்கும் நடுவே ஒரு கிராதி உண்டு. நான் ஆட்சேபம் சொல்லாத கிராதி அது ஒன்றுதான். "மாட்டு வயசைக் குறைச்சுச் சொன்னேன் சாமி" என்றேன். "எத்தனை தடவை?" "மாட்டுக்கு ரெண்டு தடவைங்க. வாங்குறவருகிட்ட ஒண்ணு, கூட வர்ற மச்சான்கிட்ட ஒண்ணு." அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. சிரிப்பை மறைத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். செபமாலை சொல்லச் சொல்வார் என்று பார்த்தால், "அடுத்த சந்தையில் ஒரு நாள் முழுக்க உண்மை மட்டும் பேசு" என்று அபராதம் போட்டுவிட்டார். செபமாலையாக இருந்தால் நடந்துகொண்டே முடித்திருப்பேன்.

பெரம்பலூர்ச் சந்தை. கையில் ஒரு கிழட்டுச் செவலை மாடு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்: "கடைப்பல்லு சேர்ந்து வருஷமாச்சு. மழை வந்தா பின்னங்கால் நொண்டும். ரொம்ப நாள் உழைக்காதுங்க." சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. குரும்பலூர்க்காரர் ஒருவர் நான் கனவிலும் கேட்டிராத விலைக்கு விரல் பிடித்தார். "வேணாங்க, நிசமாவே நொண்டும்" என்று நான் கெஞ்ச, அவர் பிடி இன்னும் இறுகிற்று. பக்கத்தில் நின்ற அவர் மச்சான் அவர் காதைக் கடித்தார், எனக்குக் கேட்கும்படியாகவே: "இவன் வாயாலயே நொண்டுங்கிறான்னா வேற எவனுக்கோ பேசி வச்சிருக்கான். விட்டுடாதே மச்சான்."

வாழை இலை

லப்பைக்குடிக்காட்டு காசிம் ராவுத்தர் பினாங்கில் கடை வைத்திருந்தவர். யுத்தத்தில் கடை போய், எப்படியோ கப்பல் பிடித்து ஊர் வந்து, வண்டி மாடு வாங்கிக் கடலை மூட்டை ஏற்ற ஆரம்பித்தார். என்னைப் போலவே முன்கோபி. நாங்கள் இருவரும் துண்டு போட்டால் வேடிக்கை பார்க்கவே ஆள் வரும்.

அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார். எனக்கு ஒரு பழக்கம்: யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் என் இலையை நானே கொண்டுபோய், மாட்டுக் கொட்டகையோரம் உட்கார்ந்துகொள்வேன். கூப்பிட்டு எழுப்பப்படுவதைவிடத் தானாகவே தள்ளி உட்காருவது மரியாதை என்று அடிபட்டுக் கற்ற பாடம் அது. அங்கேயும் அப்படியே உட்கார்ந்தேன். ராவுத்தர் பார்த்துவிட்டார். விறுவிறு என்று வந்து என் இலையைப் பிடுங்கிக் கட்டியிருந்த மாட்டுக்கு முன்னால் போட்டார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பெரிய தாம்பாளத்தில் சோறு. அதைச் சுற்றி நாலு பேர். அவர், அவர் மருமகன், பள்ளிவாசல் அஜரத்து, நான். நாலு கையும் ஒரே தட்டில். முதல் கவளம் எடுக்க என் கை எழும்பவில்லை. அஜரத்து நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் ஒதுக்கினார். ராவுத்தருக்குத்தான் பொறுமை இல்லை: "இலைக்கு ஆசைப்பட்டது அந்த மாடு. நீங்க சோத்துக்கு வந்தவரு. பிஸ்மி வராட்டி உங்க ஜெபத்தச் சொல்லிட்டுக் கைய வைங்க, கறி ஆறுது!"

தேரில் ஏறிவிட்ட பெருமாள்

கல்லங்குறிச்சித் தேர் அன்றைக்கு. நான் அரியலூரிலிருந்து நடந்து வருகிறேன். வழியில் ஒரு பாரவண்டி நிற்கிறது. ஒரு மாடு படுத்துவிட்டது. வண்டியில் பெருமாளுக்கு நேர்ந்த சோள மூட்டை. ஓட்டி வந்தது செல்லம்மா என்கிற குடியானவப் பெண். புருஷன் போய் ஒரு வருஷம், நிலமும் மாடும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாட்டின் கழுத்தைப் பார்த்தேன். நுகத்தடி அழுத்தி வீங்கிப் பழுத்திருந்தது. "கண்ணு தெரியுதா உனக்கு? இந்தக் கழுத்துல நுகத்தடிய வச்சியே!" என்று பாய்ந்தேன். "நீ யாருய்யா என்னைக் கேக்க? விதைச்சியா, தண்ணி கட்டுனியா?" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். சரிக்குச் சரி திட்டிக்கொண்டோம். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் மண், புண்ணுக்குக் கைகண்டது, எப்போதும் என் மடியில் ஒரு முடிச்சு இருக்கும். அதைத் தண்ணீரில் குழைத்து மாட்டின் கழுத்தில் பூசி, வேப்பமர நிழலில் கட்டினேன். ஆனால் மூட்டை போய்ச் சேர வேண்டுமே, தேர் நகர்ந்துவிடுமே என்று அவள் தவித்தாள். கோயில் கால் மைல்தான். நுகத்தடியின் காலிப் பக்கத்தில் நானே தோள் கொடுத்தேன். அந்தப் பக்கம் மாடு, இந்தப் பக்கம் நான். பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது, இரண்டில் நல்ல மாடு அதுதான். கோயிலடியில் எனக்குத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழுத்து கன்றிப்போய் நான் உட்கார்ந்திருக்க, செல்லம்மா தேரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். "எங்க பெருமாளு தேர்ல ஏறிட்டாரு, இந்த மேளச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. உங்க ஆத்தாகிட்ட என் பேரச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏத்திடு. மாடு பொழைச்சுக்கும்."

அந்தப் பக்கம் போன மெழுகுவத்தி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தியோடு போனேன். மாதா சுரூபம் எங்கள் கோயிலில் வலப்பக்கம் இருக்கிறது. கிராதிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சோள மூட்டை இழுத்த தோள் இன்னும் வலிக்க, மாதாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் ஓடி வந்து, "மெழுகுவத்தி போகலாம், நீ போக முடியாது" என்றார். பெருமாளைக் கும்பிடுகிற செல்லம்மாவின் மெழுகுவத்திக்கு வழி இருந்தது. அந்தக் கோயிலிலேயே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் வாங்கின எனக்கு இல்லை. கொதித்துக்கொண்டு வந்தது. பூசை நேரம் என்று பல்லைக் கடித்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. யார் என்று பார்த்தால், ஐயா, உங்கள் வீட்டம்மா. மெழுகுவத்தியை வாங்கி, ஏற்றி, மாதா காலடியில் வைத்தார்கள். "யாருக்குண்ணே?" என்று கேட்டார்கள். அண்ணன் என்று கூப்பிட்டார்கள், நான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு அம்மாவின் மாட்டுக்கு என்றேன். அவர்கள் முகம் வாடிப்போயிற்று. உங்கள் சாம்பல் நிற மயிலை மாட்டு ஜோடியில் ஒன்று செத்துப்போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கிராதிமேல் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்கள்: "மிஞ்சி நின்னது புல்லு திங்க மாட்டேங்குதுண்ணே. ஜோடி பாக்க உங்களை விட்டா ஆளில்லை. அவரா வந்து கேக்க மாட்டாரு, நீங்களாப் பாத்துக்கங்க."

ஜோடி

ஜோடி சேர்ப்பது தரகில் பெரிய வித்தை. உயரம் ஒத்துப்போனால் கொம்பு ஒத்துப்போகாது, கொம்பு சேர்ந்தால் நடை சேராது. ஆவணி வரைக்கும் ஊர் ஊராகத் தேடினேன். கடைசியில் கிடைத்த இடம், எங்கள் கீழத்தெரு சவரியின் கொட்டகை. கொம்பிலிருந்து குளம்பு வரைக்கும் உங்கள் மயிலைக்கு உடன்பிறப்பு. செல்லம்மா மாடு எழுந்து உழவுக்குப் போன சேதியும் அந்த வாரம்தான் வந்தது.

ஜோடி கிடைத்த சேதி கேட்டு, பெரம்பலூர்ச் சந்தைக்கு உங்கள் மயிலையை ஓட்டி வந்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தியதும் உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். அதை இங்கே எழுதுவதற்கு என்மேல் கோபிக்க வேண்டாம், அது உங்களுக்குப் பெருமைதான். சவரிக்குச் சேர வேண்டிய விலை ஒரு நொடியில் முடிந்தது. என் தரகுக்குத் துண்டு போட்டோம். "எனக்குத் தரகு வேணாங்க. கிராதிய எடுத்துடுங்க" என்றேன். காசிம் ராவுத்தர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்மஸ் அன்னைக்கு ஒரு நாள் எடுத்து வைக்கிறேன்" என்றீர்கள். "அப்ப மாட்டையும் ஒரு நாளைக்கு வச்சுக்கங்க" என்றேன். "உயரத்தைப் பாதியா அறுத்துடுறேன்" என்றீர்கள். "மாட்டையும் பாதியா அறுத்துடலாமா?" என்றேன். அப்புறம்தான் உங்கள் நல்ல சரக்கை எடுத்தீர்கள்: "உன் மவ கல்யாணத்துக்கு அந்த ரெண்டு சட்டத்தைக் கழட்டச் சொல்றேன். அவ நடுவுலயே நிக்கட்டும். போதுமா?"

சொல்லிவிடுகிறேன், துண்டுக்கடியில் என் கை தளர்ந்தது. பிள்ளை கேட்டது அது ஒன்றுதானே? சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். எதிரே சவரி மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். அவனுக்கும் ஒரு மகள். அவளுக்குப் பின்னால் தெருவில் இன்னும் எத்தனையோ. ஒவ்வொருத்திக்கும் ஒரு மயிலையை நான் எந்த ஊரில் போய்த் தேடுவேன்? "முழுசா எடுக்கணுங்க" என்றேன். நீங்கள் மாடுகள் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். மயிலை இரண்டும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டிருந்தன. அப்புறம் உங்கள் கை என் கையை மொத்தமாக, கோணல் விரலோடு சேர்த்து, இறுக்கிப் பிடித்தது. துண்டை எடுத்தோம். ராவுத்தர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை: "ஏன்யா, ஒண்ணு மேலத்தெரு மாடு, ஒண்ணு கீழத்தெரு மாடு. ஏர்ல பூட்டுறப்ப நடுவுல கிராதி உண்டுங்களா?"

எந்தப் பக்கம்?

நாலு மாசம் ஆயிற்று. மயிலை இரண்டும் உங்கள் கொல்லைக் காட்டை மூன்று சால் உழுதுவிட்டன. கிராதி நிற்கிறது. "விதைப்பு முடியட்டும்" என்றீர்கள், முடிந்தது. "ஆசாரிக்குக் காய்ச்சல்" என்றீர்கள், ஆசாரி என் வீட்டில் வந்து கட்டில் செய்துவிட்டுப் போனார். சாமியார் எழுதித் தர வேண்டும் என்றீர்கள், அவர் அன்றைக்கே எழுதித் தந்தார். கிறிஸ்மஸும் போய்விட்டது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டான். எல்லோரும் உள்ளே வரலாம் என்று இந்துக் கோயில்களுக்குச் சட்டமே வந்துவிட்டது. எங்கள் கோயில் கதவு என்றைக்கும் திறந்துதான் இருக்கிறது, உள்ளே போனால்தான் சங்கதி.

எனக்கு வாழ்க்கையில் குறை இல்லை. கூலிக்கு மாடு ஓட்டி வந்தவன், ஓட்டு வீடு கட்டிவிட்டேன். உபதேசியார் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் கற்ற எழுத்தில் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை நல்ல பையன், என் குரலுக்குப் பயப்படுவதில்லை. கல்யாணத்துக்குச் செல்லம்மா தன் இரண்டு மாட்டையும் பூட்டி வண்டி கொண்டுவருகிறாள், பெண்ணை ஏற்றிப் போக. ராவுத்தர் ஆட்டுக்கிடாவோடு வருகிறார். உடையார்பாளையத்து மிராசுகூட, "உன் கோணல் விரலால எப்படிடா அட்சதை போடுவே, பாக்க வரேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நேற்று என் மகள் இவர்களையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, கிராதிக்கு ரெண்டே பக்கந்தானே இருக்கு? இவங்களையெல்லாம் எந்தப் பக்கம் நிக்கவைக்கிறது?"

உங்களுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆசாரியை அனுப்புங்கள், உளியும் சுத்தியும் என் செலவு. இருபத்தாறு வருஷமாகப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மாட்டையும் நம்பாதவன், மனுஷரை மட்டும் கையைப் பிடித்ததோடு நம்பிவிட்டேன். ஐயா, அந்தக் கை பிடித்தது நிஜமென்றால் தை பிறப்பதற்குள் கிராதியை எடுங்கள்.